நெய்தற்குரிய பொழுது

ஐந்திணைக்கு முதற்பொருள் வகுக்கப் புகுந்த தொல்காப்பியனார், முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் எனப் பெரும்பொழுதும் சிறுபொழுதும் ஒருங்கு வைத்து ஓதியவர், நெய்தற்கு எற்பாடு என்னும் சிறுபொழுது ஒன்றனையே ஓதிப் பெரும்பொழுது இன்னதென விதந்து கூறாது விடுத்தார். மருதத்திற்கும் அவ்வாறே. அங்ஙனம் விடுத்தமையானே கார் முதல் முதுவேனில் ஈறாக ஆறு பெரும்பொழுதும் அதற்கு உரியவாம் என்பது பின்வந்தோர் துணிபு. பாடங்கேட்போர் இதனை நெட்டுருச் செய்து மேற்செல்வர். கடலை நாள்தோறும் காணாதார்க்கு இதன்கண் ஐயம் நிகழ இடனில்லை. ஆயினும், வலையும் மரமுமே வாழ்முதலாகக் கொண்ட நெய்தனில மக்கட்கு ஆறு பருவமும் ஒருதன்மையனவோ, எல்லாப் பருவத்தும் கடல் அவர்க்கு வழிவிடுமோ, விடாதாயின் வழியடைக்கும் பருவம் யாது, அடைப்பார் யாவர் என்னும் வினாக்கள் இயல்பின் எழுகின்றன. அவற்றிற்கு விடை கடலூரினின்றும் கொள்ளிடம் வரையுள்ள கடற்கரையின் வரலாற்றிலே கிடப்பதாகும்.

பண்ணுருட்டியைச் சார்ந்த அண்ணாகிராமம் முதலிய ஊர்களில் வாழ்வார்க்குக் கடல் கண்ணுக்குப் புலனாவதன்று. நெல்லும் கரும்பும் மல்லாட்டையுமே அவர் கண்ட விளைவு. எனினும் அந்நாட்டின் மழைநீரெல்லாம் பெண்ணையாறும் கெடிலமுமாகிய இரண்டு யாறுகளின் வாயிலாகக் கடலையே சென்று கலக்கின்றது. அவற்றிற்குத் தெற்கே உப்பனாறும் பரவனாறும், பறங்கிப்பேட்டையில் வெள்ளாறும், அதற்கும் தெற்கே கொள்ளிடமும் கடல் புகுகின்றன. யாறுகள் கூடுமிடத்து அமைந்தமையாற் கூடலூர் எனப்பட்டதே கடலூர் என மருவிற்று என்ப. திருநாவுக்கரசு சுவாமிகள் கற்றுணிற் பிணிக்கப்பட்டுக் கடலில் இடப்பட்டுப் பின் அக்கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறிய வரலாறு சைவநன்மக்கள் யாவரும் அறிந்தது. அவ்விடம் இன்றும் கரையேறவிட்ட குப்பம் என வழங்கும். குப்பம் என்பது வலைஞர் சேரிக்குப் பெயர். திருமுனைப்பாடி நாட்டின் உள்ளூர்களும் நெய்தனிலமும் எத்துணை அணுகியிருந்தன என்பதற்கு இவ்வொரு பெயரே சாலும்.

புலால் மறுத்தலை அறமெனக் கொண்ட சைவர்க்கு மீன்படுக்குந் தொழிலின் வரலாறு எற்றுக்கெனின், சேக்கிழார் பெருமானே அதற்கு விடையிறுத்துள்ளார். அறுபத்துமூவருள் ஒருவரான அதிபத்தரை அவர் பாடியவிடத்து, நாகப்பட்டினத்து நுளைப்பாடியின் இயல்பையும் பரதவர் வாழ்வையும் சற்றும் இழித்துரையாது விரித்துரைத்தார். அவ்வடிகளார் வரலாறு பின்னர் வரும்.

முதற்கண் சிறுபொழுது. எற்பாடு என்பது எல்லாகிய ஞாயிறு படுகின்ற பொழுது எனப் பெரும்பாலார் உரைப்பர். படுதல் தோன்றுதலுமாம் ஆகலின் ஞாயிறு தோன்றும் காலை எனக் கொள்வாரும் உளர். இவ்விரண்டனுள் எது பொருந்துமென்று நூல்கொண்டு வழக்கிடுவதினும் கடற்கரை மணலில் ஒருநாள் நின்று காண்டல் நன்று. இரவில் நிலம் விரைந்து குளிரக் கடல் வெப்பந் தணியாது நிற்றலின், பின்னிரவிற் காற்றுத் தரையினின்றும் கடல்நோக்கி வீசும். பகலில் நிலம் சூடேறியவழி அது மாறிக் கடலினின்றும் தரைநோக்கி வீசும். வேனிற்காலத்து இக்கடற்காற்று நண்பகலையொட்டி எழுந்து பிற்பகலில் வலுத்து உள்நாட்டூர்களின் வெம்மையையும் தணிவிக்கும். பாயொன்றையே துணையாகக் கொண்ட பண்டைப் பரதவர் வைகறைக்குமுன் தரைக்காற்றிற் பாய்விரித்துச் சென்று, ஞாயிறு சாயுங்கால் கடற்காற்றிற் கரைமீண்டனர். மகளிர் துறையிற் காத்திருப்பதும், மீன்விலை பகர்வதும், தலைவன் வாராமைக்குத் தலைவி இரங்குவதும் அப்பொழுதிலேயாம். ஆகவே எற்பாடு நெய்தற்கு உரித்தாயது புலவர் கற்பித்ததன்று. காற்றின் இயக்கத்தாற் பிறந்தது. காலை எனக் கொண்டாரும் முழுதும் பிழைத்திலர். ஒருசாரார் சென்ற பொழுதையும் மற்றொருசாரார் மீண்ட பொழுதையும் கண்டனர் எனக் கொள்ளலாம்.

அவர் ஊர்ந்த கலம் கட்டுமரம். மென்மரத் துண்டங்கள் சிலவற்றை வளைவுற அமைத்துக் கயிற்றாற் பிணித்தலின் இப்பெயர் பெற்றது. இக்கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. யாற்றுமுகங்களோ மணலால் தூரும் இயல்பின. திறந்த கரையில் ஓயாது மடியும் அலையைக் கடந்தாலன்றிக் கடல்புகல் இயலாது. குழிந்த வயிற்றையுடைய படகில் அவ்வலை நீரை நிரப்பிக் கவிழ்க்கும். கட்டுமரத்தில் நீர் தங்குதற்கு இடமே இன்மையால் வந்த அலை மேலேறி இடுக்கின்வழி ஒழுகிப்போம். கரைசேர்ந்தபின் பிணிப்பவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்தி, மறுநாட் பிணித்துக்கொள்வர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலில் இயங்கிய ஆங்கில மாலுமி உவில்லியம் தாம்பியர் இதனைக் கண்டு தம் செலவுநூலில் எழுதிவைத்தார். இன்று உலகத்து நாடெங்கும் இரட்டையுடற் கப்பலைச் சுட்டும் ஆங்கிலச்சொல் இத்தமிழ்ச் சொல்லின் திரிபே. பொருளை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கொண்டுசென்றனர் போலும்.

இனித் திங்களின் இயக்கம். வங்கக்கடலின் இப்பகுதியில் ஓதம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையுள்ள உயரம் மிகுதியன்று. பெருக்க நாளிலும் ஏறத்தாழ ஒரு மீட்டரளவே. கூர்ச்சரத்துக் கரையிலும் கங்கை முகத்தும் காணும் பேரோதத்தோடு இஃது ஒப்பாகாது. எனினும் தாழ்ந்த நிலமாகிய யாற்றுமுகங்களில் இச்சிறு ஏற்றமே உப்புநீரை நெடுந்தொலைவு உட்கொண்டு செல்லும். ஏறும் பொழுது நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம், அஃதாவது இரண்டு நாழிகைக்குச் சற்று மிகையாகப் பிற்படும். திங்களின் செலவைப் பின்பற்றுதலின், இன்ன திதியில் இன்ன நாழிகைக்கு ஏற்றம் என்பது முதியோர்க்கு மனப்பாடம். அமாவாசையிலும் பூரணையிலும் ஓதம் மிகும். அட்டமியை ஒட்டிக் குன்றும். கோயிலிற் பஞ்சாங்கம் வாசிப்பாரும் குப்பத்து வலைஞரும் ஒரே திதியை இருவேறு கருமத்திற்குக் கணித்துவந்தனர்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் ஒழுக்கம் ஒன்று கூறப்படுகின்றது. உவாநாளில் அவர் மீன்படுக்கச் செல்லாது, சினைச்சுறவின் கொம்பை நட்டு அதன்கண் தெய்வத்தை ஏற்றி வழிபட்டுத் தாழையும் பூவுஞ்சூடிக் கள்ளுண்டு மணலில் விளையாடினர் என்பது அதன் கருத்து. பூம்புகார் கொள்ளிட முகத்திற்குச் சற்றுத் தெற்கேயுள்ளது. சிதம்பரத்தார்க்கு அயலூர் என்னலாம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே தொழிலொழியும் நாள் ஒன்று அக்கரையில் வரையறுக்கப்பட்டிருந்தமை இதனாற் பெறப்படும். அது வழிபாட்டின் பொருட்டே என்று கூறி அமைவாரும், வெறுங் களியாட்டே என்று எள்ளுவாரும் ஒருபுடையே கண்டோராவர். நிலவொளியில் மீன்கள் நீர்க்கண் நின்ற வலையைக் கண்டு விலகும். இருள்நாளிலோ, வலை புலப்படாமையோடு, மீன்திரள் இயங்குமிடத்து நீர் ஒளிவிடுதலால் திரளின் இருப்பும் தெரியவரும். ஆகவே முழுமதி நாள் வலைக்குப் பயன்குறைந்த நாள். பயன்குறைந்த நாளைத் தெய்வத்திற்கு ஆக்கியது அறிவுடைமையே. வழிபாடும் வரும்படியும் ஒன்றையொன்று பகையாது இணங்கிய இடங்களுள் இஃது ஒன்று. சினைகொண்ட சுறவின் கொம்பையே அவர் தெரிந்தெடுத்தமை கருவுயிர்ப்பைப் போற்றிய கருத்தாலோ எனச் சிலர் வினவுவர். பாட்டில் அதற்குச் சான்றில்லாமையின் அவ்வளவு செல்லுதல் வேண்டா.

மாசிமகமும் முழுமதியை ஒட்டியதே. அந்நாளிற் பாடலீசுவரர் முதலிய மூர்த்திகள் கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கடலிலும், சிதம்பரத்தை அடுத்துள்ள கோயில்களின் மூர்த்திகள் கிள்ளை முழுக்குத்துறையிலும் தீர்த்தங் கொடுக்க எழுந்தருள்வர். திருமுட்டத்துப் பூவராகப் பெருமாளும் கிள்ளைக்கே வருவர். வழியில் முகம்மதிய அன்பர்கள் அம்மூர்த்தியை வரவேற்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இத்தனை மூர்த்திகளும் மாசியிற் கடலை நாடுவதன் சமயக் காரணங்கள் புராணங்களில் உள்ளன. கடற்காரணமும் ஒன்று உண்டு. வாடைக்காற்றின் வேகம் தையோடு அடங்கிவிடும். தென்காற்றுக்கள் இன்னும் வலுப்பெறா. இக்கரையிற் கடல் மிக அமைதியாயிருப்பது பின்பனிக் காலத்திற்றான். கடலின் நீர்மட்டமும் ஐப்பசி கார்த்திகையில் ஆண்டினுள் மிக உயர்ந்து, பங்குனியளவில் மிகத் தாழ்ந்து நிற்கும். ஐப்பசி உவாவிற் பல்லக்கைக் கடலுக்குக் கொண்டுசென்றால் யாது நிகழும் என்பதை எண்ணிப் பார்ப்பார்க்கு மாசியைத் தெரிந்தெடுத்த முன்னோரின் கடலறிவு விளங்கும்.

இங்ஙனம் பெரும்பொழுதிற்கு வந்து சேர்ந்தோம். கடலூர்க் கரைக்கு ஆண்டு மழையிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வாடைப்பருவத்தே பெய்வது. அப்பருவத்திற் கரையோர நீரோட்டம் வடக்கினின்றும் தெற்கு நோக்கி ஓடும். மாசி தொடங்கி வேனிலில் அது திரும்பித் தெற்கினின்றும் வடக்கு நோக்கி ஓடும். மணலும் நீரோடு நகரும். ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் வடக்கே செல்லும் மணலே மிகுதி. சென்னையிலும் புதுச்சேரியிலும் துறைமுகத்திற்காகக் கடலினுட் கல்லடுக்கிய பின்னர்த் தென்பாற் கரை வளர்ந்து வடபாற் கரை தேய்ந்தமைக்குக் காரணம் இதுவே. வேனிலில் யாற்றில் நீரோட்டம் அற்றவழி, அலை கொணர்ந்த மணல் முகத்துவாரத்தைக் குறுக்கும். சிலவற்றை முற்றும் அடைக்கும். கூதிரில் அண்ணாகிராமத்துக் கழனிகளையும் ஏரிகளையும் நிறைத்து வழிந்த பெருவெள்ளம் பெண்ணையிலும் கெடிலத்திலும் இறங்கி அம்மணலை உடைத்துக்கொண்டு கடல் புகும். கடலோடு கழியும் கழியோடு யாறும் மீளக் கலக்கும். உள்நாட்டு மழைக்கும் கடல்மீனுக்கும் உள்ள தொடர்பு இவ்வாயிலிலே நிற்கின்றது.

இத்தொடர்பின் பயனை இறாலின் வாழ்விலே காணலாம். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் ஏற்றநீரோடு யாற்றுமுகம் புகுந்து, உப்பும் நன்னீரும் கலந்த கழிகளில் வளர்ந்து, பின் கடலுக்கே மீளும். கொடுவா மீன் குஞ்சுகளும் கழியையே செவிலியாகக் கொள்ளும். மடவை கழியில் வளர்ந்து முட்டையிடக் கடல் செல்லும். வாயில் அடைபட்டிருந்தால் இவற்றின் செலவு தடைப்படும். திறந்த காலம் தவறினால் அடுத்த ஆண்டின் பாடு குன்றும். பரதவர் கூதிரை அஞ்சியும் விரும்பியும் நின்றது இதனாலே. அப்பருவத்திற் புயல் தோன்றும். கட்டுமரம் பல நாள் கடல்புகாது. கருவாடு உலர்த்த வெயிலும் இராது. குப்பத்தில் அடுப்பெரியாத நாட்களும் உண்டு. ஆயினும் வெள்ளம் வாராத கூதிர் அவர்க்கு அதனினும் கொடிது.

ஆகவே ஆறு பெரும்பொழுதும் நெய்தற்கு உரியன என்ற விதி மறுக்கப்படுவதன்று. உரியதாதல் வேறு, மீன்படுக்க இடந்தருதல் வேறு என அறிக. கடல் தானே கூதிரில் வாயிலை அடைத்தது. அவ்வடைப்பின்கீழ் மீன் பெருகிற்று. முன்னோர் மீன்வளத்தைக் காத்தது அவரது அறவுணர்ச்சியால் மட்டுமே என்று இக்காலத்துச் சிலர் புகழ்ந்துரைப்பர். அது முழுவுண்மையன்று. பாயும் துடுப்பும் சென்ற தொலைவுக்கு மேல் அவராற் செல்ல முடியவில்லை. பருத்தி நூலும் சணலும் கொண்டு முடைந்து மரப்பட்டைச் சாற்றில் தோய்த்த வலை தாங்கும் பாரத்திற்கு மேல் அவராற் படுக்க முடியவில்லை. இயலாமையும் ஒருவகைக் காவலாய் நின்றது. ஆனால் இயன்றவிடத்தும் அடங்கினார் உளர் என்பதற்கே ஊர்ப்பஞ்சாயத்துக்களின் ஒழுங்கு சான்றாகும். இக்கரைப் பட்டினவர் குப்பங்களில், பிறர்தொழிலைக் கெடுக்கும் வலையென்றும் மீனினத்திற்குக் கேடென்றும் கண்டதை ஊர்கூடி விலக்கும் வழக்கம் அரசாங்கச் சட்டத்திற்கு முன்னரே உள்ளது. வடக்கே பழவேற்காட்டுக் கழியில் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு இன்றும் நிகழ்கின்றது.

அதிபத்தர் வரலாற்றை இந்நிலையில் வைத்து நோக்குக. பரதவர் தலைவராகிய அவர் நாள்தோறும் வலையிற்பட்ட மீன்களுள் தலையாயது ஒன்றனைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விடுவார். ஒருகாலத்து மீன்வளங் குன்றிற்று. ஒரே மீன் பட்ட நாளிலும் அதனை இறைவனுக்கே விட்டார். இவ்வாறு பல நாள் கழியச் செல்வஞ் சுருங்கிச் சுற்றம் பசியால் வாடிற்று. பின்னொருநாள் பொன்னும் மணியுமாய் ஒளிவிட்ட மீன் ஒன்றே பட்டபோதும் அதனையும் அவ்வாறே விட்டார். சமயநோக்கில் இதன் பொருள் தெளிவு. அதனை விரித்தல் மிகை. வரலாற்று நோக்கிற் கொள்ளத்தக்கது மற்றொன்று. தலைவன் வீட்டையும் வறுமைப்படுத்தும் நெடுநாட் பாடின்மை கடற்கரையில் உண்டென்பதை 12ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் அறிந்திருந்தார். கேட்போரும் அதனைப் புனைவென்று தள்ளாது ஏற்கும் அளவிற்கு அஃது அறியப்பட்டதாய் இருந்தது. நாகைக் காரோணத்தில் ஆவணி ஆயிலியத்தன்று பொன்மீனைக் கடலில் விடும் விழாவை மீனவ மக்கள் முன்னின்று நடத்துகின்றனர்.

கடலும் யாறும் தம்முட் கொண்ட உறவை மனிதர் முதன்முதல் வலிந்து அறுத்தது 1836ஆம் ஆண்டு. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் மேலணையும் கீழணையும் கட்டுவித்தார். சிதம்பரம் பகுதியின் உழவுக்குக் கீழணை செய்த நன்மை பெரிது. வீராணத்திற்கு நீர் அதனாற் பெருகிற்று. அதனைக் குறைகூறுவார் உழவரல்லர். ஆனால் உல்லம் என்னும் மீனுக்கு அது கூற்றமாயிற்று. கடலில் வாழும் உல்லம் வெள்ளக்காலத்து யாற்றுநீரை எதிர்த்து மேலேறி நன்னீரில் முட்டையிடும் இயல்பிற்று. அணையை அதனாற் கடக்கவியலவில்லை. அணையடியில் தேங்கித் திரண்ட மீன்களைப் பிடிப்பாரோ பலராயினர். 1873இல் இந்திய மீன்வளம் பற்றி அறிக்கை எழுதிய பிரான்சிசு தே, அணைகள் இவ்வாறு மீன்செலவைத் தடுக்குந் தீமையை எடுத்துக்காட்டினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கீழணையில் மீனேறும் வழிகள் அமைத்தும், உல்லத்தின் சினையைச் செயற்கையாற் பொரிக்கச் செய்தும் சென்னை மீன்துறையார் முயன்றனர், பயன் நிலைக்கவில்லை. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் காவிரியில் உல்லத்தின் பாடு பெரும்பாலும் அற்றுப்போயிற்று. உழவனுக்கு உரிய வாயிலைத் திறக்குங்கால் வலைஞனுக்கு உரிய வாயில் அடைபடும் என்பதை அக்காலத்து யாரும் கணக்கில் வைத்திலர்.

சென்னை மாகாணத்து மீன்துறை 1907இல் சர் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் தோன்றிற்று. பின்னர் அத்துறைக்குத் தலைவராயிருந்த சேம்சு ஆர்னெல், சோழமண்டலக் கரையின் மரங்களையும் வலைகளையும் துருவி ஆராய்ந்து 1920களில் எழுதிய நூல்கள் இன்றும் மதிக்கப்படுகின்றன. பறங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்தே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் பிற்காலத்து நிறுவிய கடல்வாழ் உயிரியல் ஆராய்ச்சி நிலையம், கழிநீரின் உப்பேற்றத்தையும் இறாற்குஞ்சின் வரவையும் பருவந்தோறும் அளந்துவருகின்றது. அரசினர் உப்பின்மீது வரிவைத்திருந்த காலத்தில், மீன் உலர்த்துவார்க்கு மட்டும் வரியில்லா உப்பை வேலியிட்ட களங்களில் அளந்து கொடுத்தனர். மீனையும் அக்களத்திற்கே கொணர்ந்து உப்பிடல் வேண்டும். கடல்தந்த உப்பைக் கடல்மீனுக்கு இடுதற்கும் காவலர் முன் நிற்க வேண்டியிருந்தது! 1947இல் அவ்வரி நீங்கிற்று. உலர்ந்த கருவாடு தலைச்சுமையாகவும் வண்டியிலும் உள்நாட்டுச் சந்தைகளுக்கு வந்தது. அண்ணாகிராமம் போன்ற ஊர்களுக்குக் கடலின் பருவம் இன்னதென அறிவித்தது அந்தச் சுமையே எனலாம். கருவாடு வரத்துக் குறைந்தால் வாடை தொடங்கிற்று என்பது பொருள்.

பெரிய மாற்றம் விடுதலைக்குப் பின்னர் வந்தது. 1950களிலும் 1960களிலும் பொறிவிசைப் படகும், கடலடியைத் துழாவும் இழுவை மடியும், அழுகாத நைலான் நூலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறின. இறாலுக்கு அயல்நாட்டில் விலை உயர்ந்தது. காற்று எத்திசையினின்று வீசினும் பொறிக்கு ஒன்றே. நிலவும் இருளும் மடிக்கு ஒன்றே. எற்பாடு பொருளிழந்தது, உவாநாளும் பொருளிழந்தது. பண்டு இயலாமையாகிய காவல் நீங்கியவழி, அறிவாலாகிய காவல் உடனே அவ்விடத்தை நிரப்பவில்லை. மரமும் பொறியும் ஒரே நீரில் எதிர்ப்பட்டு வலை அறுபட்டும் பகை மூண்டும் உயிர்ச்சேதம் நிகழ்ந்தபின்னரே 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. அது கரையினின்றும் 3 கடல்மைல் வரையுள்ள நீரைப் பொறியில்லாத கலங்களுக்கென ஒதுக்கிற்று.

இழுவைப் படகுகள் ஆண்டுதோறும் 45 நாள் கடல்புகுதல் கூடாதென்னும் தடை இக்கரையில் 2001இல் தொடங்கிற்று. 2017 முதல் அது 61 நாளாக, ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை என நீண்டது. இந்நாட்களைத் தமிழ்த் திங்களில் வைத்து எண்ணுவார் வியப்படைவர். சித்திரையும் வைகாசியும் ஏறத்தாழ முழுதும் அதனுள் அடங்குகின்றன. அஃதாவது இளவேனில் என்னும் பெரும்பொழுது முழுமையும் ஆம். ஆறு பருவமும் நெய்தற்கு என்றது இலக்கணம். கூதிரை அடைத்தது கடல். இளவேனிலை அடைத்தது அரசாணை. கடல் அமைதியாய், வானம் தெளிந்து, செல்லுதற்கு மிக எளிதாகிய பருவம் அது. எளிதான பருவத்தே தடைவைத்தது மீன்கள் இனம்பெருக்கும் காலம் என்னும் காரணத்தாலாம். எல்லா மீனும் அவ்விரு திங்களில் இனம்பெருக்குவதில்லை என்பதும் உண்மை. அதனால் மீனவருள் ஒருசாரார் அத்தடையை மழைப்பருவத்திற்கு மாற்றுக எனக் கோரிவருகின்றனர். கடல் தானே அடைக்கும் காலத்தில் அரசும் அடைத்தால், அடைத்ததனால் வரும் பயன் சிறிதே என்பது எதிர்வாதம். இவ்விருவர் கூற்றிலும் பொருள் உண்டு. ஆனால் இழுவை மடி ஓயாது துழாவும் கடலடிக்கு ஆண்டில் இரண்டு திங்களேனும் ஓய்வு வேண்டும் என்பதில் ஐயப்பாடு இல்லை.

சுருக்குமடி வழக்கு இதனினும் சிக்கலானது. திரளாகச் செல்லும் கவலை, கானாங்கெளுத்தி முதலிய மீன்களை வட்டமாக வளைத்து அடியிற் சுருக்கி ஒருங்கே அள்ளும் இவ்வலையைத் தமிழ்நாட்டரசு 2000ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. தடைக்குப் பின்னரும் அது கடலூர்க் கரையிற் பரவிற்று. பெரும்பொருள் கடன்பெற்று வலைசெய்தார் அதனை விடமாட்டாமையும், சிறுவலையார் தமக்கு மீன் எஞ்சவில்லை என முறையிடலும் ஆகக் குப்பத்திற்கும் குப்பத்திற்கும் கலகம் விளைந்தது. 2023 சனவரியில் உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணையொன்றில், 12 கடல்மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனுமாகிய இரண்டு நாட்களில் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை அவ்வலையைப் பயன்படுத்தலாம் என வரையறுத்தது. பொழுதும் நாளும் இடமும் குறித்து வலைக்கு எல்லை வகுத்தல் புதுமை அன்று. பட்டினப்பாலைப் பரதவரும் அதனைச் செய்தனர். வகுத்தவர் இடந்தான் மாறிற்று. அன்று துறையில் நின்றோர் வகுத்தனர். இன்று தில்லியில் இருப்போர் வகுக்கின்றனர்.

பருவங்கடந்த சீற்றங்களும் இக்கரைக்கு உண்டு. 2004 திசம்பர் 26, மார்கழித் திருவாதிரையை ஒட்டிய முழுமதி நாள். காலையிற் கடல் எழுந்து கடலூர் மாவட்டத்தில் 600க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அதற்குக் காற்றும் திதியும் காரணமல்ல. சுமாத்திராவை அடுத்த கடலடி நில அதிர்ச்சியே காரணம். ஆதலின் எம்முதியோரும் அதனை முன்னறிதற்கு வழியில்லை. எஞ்சிய கட்டுமரங்களும் பெரும்பாலன அன்றோடு ஒழிந்தன. உதவியாக வந்த கண்ணாடியிழைப் படகுகளே இன்று குப்பங்களிற் காணப்படுவன. 2011 திசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்தபோது, கடலோரத்து மரங்களோடு பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு வீழ்ந்தன. கடலின் சினம் உள்நாட்டையும் விடுவதில்லை.

இக்கரையில் ஓதத்தின் வழியே இன்னும் முழுதும் ஒழுகும் இடம் ஒன்று உளது. வெள்ளாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இடையே பிச்சாவரத்துச் சதுப்புக்காடு. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் திருப்பெயரைத் தந்த தில்லைமரம் உவர்நீர்ச் சதுப்பில் வளரும் மரம் என்பதைப் பலர் நினைப்பதில்லை. கோயிலைச் சூழ அக்காடு இன்று இல்லை. அதனைக் காண விழைவார் பிச்சாவரம் செல்லல் வேண்டும். அதன் பால் கண்ணிற்பட்டாற் பார்வை கெடும். ஆங்கிலேயர் காலந்தொட்டு இக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டி விற்றனர். மரம் நீங்கிய நிலம் வெயிலில் உலர்ந்து தொட்டிபோலத் தாழ்ந்தது. ஏற்றநீர் உட்புகுந்து வெளியேற வழியின்றித் தேங்கி வற்றியதனால் உப்பு மிகுந்து, பின்னர் நட்ட நாற்றும் பட்டது. வெட்டியோர் மரத்தை மட்டுமே எண்ணினர். நீர் போந்து மீளும் வழியை எண்ணிலர். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடும் ஊராரோடும் கூடி, மீனின் முதுகெலும்பும் பக்கவெலும்பும் போலப் பெருவாய்க்காலும் கிளைவாய்க்காலும் அகழ்ந்து ஓதத்தை உள்ளே விட்டனர். ஏற்றமும் வற்றமும் மீண்டும் நிலத்தைக் கழுவ, உப்புத் தணிந்து காடு தழைத்தது. கடலெழுந்த நாளில் அக்காட்டிற்குப் பின்னிருந்த ஊர்கள் சேதம் குறைந்து தப்பியமையால் அதன் அருமை உலகறிந்தது.

அக்காட்டின் கழிகளில் கிள்ளையைச் சார்ந்த இருளர் குடிகள் பொறியும் பெருவலையும் இன்றி இறால் பிடித்து வாழ்கின்றனர். அவர்தம் நாள் கடிகாரத்தை நோக்கித் தொடங்குவதில்லை. ஓதம் வற்றத்தொடங்கியதும் ஆடவரும் பெண்டிரும் கழியில் இறங்கி, இடுப்பளவு நீரிற் குனிந்து, ஓலையால் முடைந்த பறியைப் பல்லிற் கவ்வியபடி இருகையாலும் சேற்றைத் தடவி இறாலை எடுத்து அதனுள் இடுவர். நீர் ஏறத் தொடங்கினால் கரையேறுவர். மறுநாள் இரண்டு நாழிகை பிந்தி இறங்குவர்.